மொம்பாசா மாமியார்

தாயி,

நீ என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் அம்மா தன் போனை என்னிடம் தர மாட்டேன் என்கிறாள். நேற்று மத்தியானம் அவள் உன்னோடு பேசிக்கொண்டே, "உங்கய்யாகிட்ட சொல்லிரு, சோறு ஆறுதுன்னு" என்று சென்னையில் இருக்கிற உன்னிடம் சொல்ல, அதை ராமேஸ்வரத்தில் அடுத்த அறையில் இருந்த நான் கேட்டு, எழுந்து போய்ச் சாப்பிட்டேன். நடுவில் ஒரு ஆளை வைத்துப் பேசுகிற குடும்பமாகிவிட்டோம். நம் சண்டையே நடுவில் ஆள் வைத்துப் பேசுவதைப் பற்றியது என்பதால் எனக்குச் சிரிப்பு வந்தது. குழம்பில் உப்பு இல்லாததால் உடனே நின்றும் போனது.

ஆகவே இந்த வாரப் பத்திரிகையில் என் பக்கத்தில் எழுதுகிறேன். ஊரறிய எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் இதே பக்கத்தில்தான், ஆப்பிரிக்கத் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதிய கதையைப் பீற்றிக்கொண்டேன். ஒரு கண்டமே என்னைத் தேடி வந்து நம் லாட்ஜ் வாசலில் செருப்பைக் கழற்றியது என்கிற தோரணையில் எழுதியிருந்தேன். உன் கம்பெனி வெளியிட்ட முன்னோட்டத் துண்டைப் பார்த்துவிட்டு வாசகர்கள் வாழ்த்தினார்கள். ஒருவருக்கு மாமியார் வசனத்தைக் கேட்டு இட்லி தொண்டையில் சிக்கிக்கொண்டதாம். பீற்றிய இடத்தில்தான் பிசகையும் சொல்ல வேண்டும். உன் பெயரையோ கம்பெனி பெயரையோ போடவில்லை. உனக்கு வேலை இருக்கிறது. எனக்குப் பயம் இருக்கிறது.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியவர்களுக்கும் புரிய வேண்டுமல்லவா? நீ வேலை பார்ப்பது வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் டப்பிங் செய்யும் கம்பெனி. கொரியாக்காரர்கள் தமிழ் பேசி ஓய்ந்து, துருக்கிக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து தொடர்கள் வர ஆரம்பித்தன. நம் ஊர் ஆட்டோவில்கூட இப்போது நைஜீரியப் பாட்டு ஓடுகிறது. "என்ன பாட்டுப்பா இது?" என்று கேட்டால், "ரீல்ஸ்ல வந்துச்சுண்ணே, நல்லா தூக்குதுல்ல?" என்கிறான். அப்படி வந்த ஒரு தொடர், கென்யா நாட்டில் லாமு என்கிற தீவில் நடக்கிறது. எழுதி இயக்கியவர் நீமா என்கிற பெண். படகுக்காரக் குடும்பத்துப் பையன் ஒருவன், உள்நாட்டுக் காட்டில் தேன் எடுக்கும் அவேர் என்கிற சின்னஞ்சிறு கூட்டத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். தீவில் பேசுவது சுவாஹிலி. பெண்ணின் அம்மாவுக்குத் தெரிந்தது அவேர் மொழி மட்டும். அது தீவில் ஒருவருக்கும் தெரியாது. மகள்தான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சொல்கிறாள். கடலும் படகும் மீனும் நிறைய வருகிற கதை, எங்கய்யாவுக்குத்தான் அந்தப் பேச்சு வரும் என்று கம்பெனியில் என் பெயரை எடுத்துவிட்டவள் நீ. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறாய்.

எனக்கு வந்த ஆங்கிலப் பிரதியில் எல்லாருடைய பேச்சும் இருந்தது. மாமியார், அதாவது அந்தப் பெண்ணின் அம்மா, வாயைத் திறக்கிற இடங்களில் மட்டும், 'அவள் தன் மொழியில் பேசுகிறாள்' என்று ஒரே வரி. படத்தில் பார்த்தால் அந்த அம்மா கையை வீசி, இடுப்பில் கைவைத்து, மூச்சுவிடாமல் பேசுகிறாள்; காகிதத்திலோ காலி இடம். எனக்குக் காலி இடத்தைக் காட்டலாமா? ஒரு அறை காலியாகக் கிடந்தால் லாட்ஜ்காரனுக்கு நெஞ்சு அடைக்கும். பத்திரிகையில் அரைப் பக்கம் காலி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பிழைப்பும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: காலியாக இருந்தால் ஆளை ஏற்று. ஏற்றினேன். நமக்குத் தெரிந்த மாமியார்கள் அத்தனை பேரும் என் பேனா முனையில் வரிசை கட்டினார்கள். "ஏலே மாப்ளே, படகு இருக்கு படகு இருக்குங்கிறியே, வீட்டுல உலை வைக்க அரிசி இருக்காலே?" என்று ஆரம்பித்தவள்தான், அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. நிறுத்துகிற எண்ணமும் எனக்கு இல்லை.

மூலத்தில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியும். அம்மா நீளமாக ஏதோ பேசுவாள். மகள் புருஷனிடம் சுருக்கமாக, 'நீங்கள் நலமா என்று கேட்கிறார்கள்' என்பாள். இவ்வளவு நீளத்துக்கு நலமா மட்டும் கேட்டிருக்க முடியாதே, இந்தப் பெண் எதையோ மறைக்கிறாளே என்று பார்க்கிறவர்கள் தாங்களாக யோசித்துக்கொள்ள வேண்டும். என் தமிழில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்மா சுத்தமான ராமநாதபுரத்துப் பேச்சில் மாப்பிள்ளையின் மூக்கு முதல் மூதாதை வரை கிழித்துத் தொங்கவிடுகிறாள். அடுத்த நொடி மகள், அதுவும் தமிழில், "நல்லா இருக்கீகளான்னு கேக்குறாக" என்கிறாள். மாப்பிள்ளையும் பல்லைக் காட்டிக்கொண்டு, "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்கிறான். எழுதும்போது நானே என் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தேன்.

சோதனைப் பிரதி வந்ததும் லாட்ஜ் வரவேற்பறை டிவியில் போட்டுப் பார்த்தோம். உன் அம்மா வந்து உட்கார்ந்தாள். மீன்பிடித் தடைக்காலம், படகைக் கரையில் ஏற்றிவிட்டுச் சும்மா இருந்த பாம்பன் சேசுவும் வந்திருந்தான். நம் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற சேசுதான், என் எழுத்தை வாசிக்காமலே என்னைப் பாராட்டுகிற ஒரே ஆள். திரையில் தீவு வந்தது, படகு வந்தது, பின்னால் பானை வயிற்று மரம் ஒன்று வந்தது. சேசு எழுந்தே விட்டான். "ஏண்ணே, இது நம்ம பப்பரப்புளி மரமுல்ல? இங்கன மண்டபம் பக்கந்தான் எடுத்தானுகளா?" அந்த மரமே அங்கிருந்துதான் இங்கே வந்தது என்று சொன்னேன். நம்பவில்லை. மாமியார் வாயைத் திறந்ததும் மரத்தை மறந்துவிட்டான். உருண்டு உருண்டு சிரித்தான்.

உன் அம்மா மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "ஏங்க, அந்தம்மா தமிழ்லதான பேசுது? மகளும் தமிழ்லதான சொல்லுது? அந்த மாப்ளைக்குக் காது கேக்காதா?"

"மதினி, அதுதான் மதினி காமெடியே!" என்றான் சேசு.

"காமெடின்னாச் சரி" என்றாள் உன் அம்மா. அந்தச் 'சரி'யை உனக்கும் தெரியும். உன்னைச் சென்னைக்கு வேலைக்கு அனுப்பச் சம்மதித்தபோது சொன்னதும் அதே 'சரி'தான்.

ஐந்தாம் பகுதியில் படகு கவிழ்ந்து மகள் இறந்துபோகிறாள். நடுவில் நின்று சொல்ல இனி ஆள் இல்லை. அம்மா காட்டிலிருந்து வந்து, கரையில் நின்று, அலையைப் பார்த்துப் பேசுகிறாள். மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறான், ஒரு சொல் புரியவில்லை, ஆனாலும் நகரவில்லை. அந்த இடத்துக்கும் நான் எழுதினேன். கேலியாக இல்லை, சத்தியமாக. "கடலே, என் புள்ளைக்கு நீஞ்சத் தெரியும்னா நெனச்ச? அவ மரம் ஏறப் பொறந்தவடி" என்று எழுதினேன். குரல் கொடுத்த அம்மா ஒலிப்பதிவு அறையில் அழுதுவிட்டதாக நீயே சொன்னாய். இத்தனை வருஷம் எழுதியதில் உருப்படியான வரி என்று எனக்கே தோன்றியது அது ஒன்றுதான். படத்திலிருந்து போகப் போகிறது என்பதால், ஆசை தீர இங்கே அச்சில் ஏற்றிக்கொண்டேன். பத்திரிகை ஆசிரியர் மன்னிக்கவும்.

அந்த வரி வந்தபோது சேசு சிரித்தான். மாமியார் வாய் திறந்த உடனே, என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்கு முன்பே, 'ஹோ' என்று சிரித்துவிட்டான். பிறகு பாதியில் நின்று, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சேசுவின் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அந்தக் காட்சியைப் பார்த்து நம் தீவில் அழ வேண்டிய ஆள் ஒருவன் உண்டென்றால் அவன்தான். நாலு பகுதி முழுக்க அந்தக் குரலுக்குச் சிரிக்க அவனைப் பழக்கிவிட்டு, ஐந்தாம் பகுதியில் அழு என்றால் அவன் என்ன செய்வான்? "என்னண்ணே, சிரிச்சுப்புட்டேன்" என்றான், ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து அவனே சமாதானமும் கண்டுபிடித்துக்கொண்டான். "அந்த ஊருக்காரனுக இப்பிடித்தான் போலண்ணே. எழவு வீட்டுலயும் கூத்துப் பண்ணுவானுக."

தாயி, நான் செய்ததை அவன் அவர்கள் தலையில் இறக்கி வைத்துவிட்டான். நான் திருத்தவில்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்டேன்.

அப்புறம் முன்னோட்டத் துண்டு வெளியாகி, 'மொம்பாசா மாமியார்' என்று பெயரும் விழுந்து, ஊர் ஊராகச் சுற்றியது. அந்த அம்மா மொம்பாசாக்காரி இல்லை, அது கென்யாவில் வேறு ஊர் என்று நீ தலையால் அடித்துக்கொண்டாய், யார் கேட்டார்கள்? உன் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "சார், மாமியார் செம சார். லாகோஸ் தொடர் ஒண்ணு வருது, செனகல் ஒண்ணு, எத்தியோப்பியா ஒண்ணு. எல்லாத்துக்கும் நீங்களே எழுதிடுங்க. இதே ஸ்லாங். ஆப்பிரிக்கான்னாலே ராம்நாடுன்னு செட் பண்ணிடலாம்." லாகோஸில் வேறு மாதிரிப் பேசுவார்களே என்று ஒப்புக்குக் கேட்டேன். "ஆப்பிரிக்காதானே சார்" என்றார். ஒப்புக்குக் கேட்டதால் ஒப்புக்குப் பதில் வந்தது. நானும் விட்டுவிட்டேன்.

ஏன் விட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நான் எழுத வந்த காலத்தில் 'இங்கன' என்று எழுதினால் 'இங்கே' என்று அடித்துத் திருத்துவார்கள். 'வாரேன்' என்றால் 'வருகிறேன்'. எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள் சார் என்பார்கள். சினிமாவில் நம் பேச்சு வருவதென்றால் கூடவே அரிவாளும் வரும். முதல் தடவையாக ஒருவர் நம் ஊர்ப் பேச்சுத்தான் வேண்டும் என்று கேட்கிறார். கண்டம் முழுக்க நம் பேச்சைப் பேசப் போகிறது என்று நினைத்தபோது எனக்குக் கால் தரையில் இல்லை. அது இறங்கிய இடத்தில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது, அதைத் தள்ளிவிட்டுத்தான் உட்கார்ந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. என் பேச்சை அடித்துத் திருத்தியவர்கள் சொன்னதைத்தான் நானும் அந்த மாமியாரின் பேச்சுக்குச் சொல்லியிருக்கிறேன்: எல்லாருக்கும் புரிகிற மாதிரி. அதை என் வாயால் சொல்லும்போது சுகமாகத்தான் இருந்தது.

பிறகு உன் போன் வந்தது. நம் பேச்சை வாசகர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன். நீ சொன்ன கெட்ட வார்த்தை ஒன்றை எடுத்துவிட்டேன்.

"அய்யா, வர்ற புதன்கிழமை நான் லாமு போறேன். நீமா என் பக்கத்துல உக்காந்து தமிழ்ப் பிரதியப் பாக்கப் போறாங்க. வரிக்கு வரி நான்தான் அவங்களுக்குச் சொல்லணும். மாமியார் பேசுறப்ப நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நல்லாச் சிரிப்பா இருக்கும்னு சொல்லு."

"அவங்க வேணும்னேதான்யா அத எழுதாம விட்டுருக்காங்க. அவங்க நாட்டுலயே சப்டைட்டில் போடுன்னு கேட்டிருக்காங்க, மாட்டேன்னு நீமா சண்ட போட்டிருக்காங்க. மாமியாரா நடிச்ச அந்தம்மா நெசமாவே அவேர்க்காரம்மா. மாத்தி எழுதித் தாங்கய்யா, நான் போறதுக்குள்ள."

"புரியாத பாஷையில பேசிக்கிட்டே இருந்தா பாக்குறவன் எந்திரிச்சுப் போயிருவான் தாயி."

"போகட்டும்."

"போனா உன் கம்பெனி உன்ன என்ன சொல்லும்?"

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். "நான் இப்பிடி எழுதலைன்னா இந்த ஊர்ல எவன் ஆப்பிரிக்காவப் பாப்பான்? நான் அவுகளுக்கு நல்லதுதான பண்ணிருக்கேன்?" என்றேன்.

"ஆமாய்யா, சேட்டு மாதிரி" என்றாய். வைத்துவிட்டாய்.

சேட்டு என்றால் என்ன என்று ராமேஸ்வரத்துக்கு வராத வாசகர்களுக்குச் சொல்கிறேன். வடக்கேயிருந்து தீர்த்தமாட வருகிற அத்தனை பேரும் இந்த ஊரில் சேட்டுதான். ஒடியாக்காரர் சேட்டு, வங்காளி சேட்டு, நேபாளத்திலிருந்து வந்த போஸ்ட்மேன் சேட்டு. எங்கள் லாட்ஜ் பதிவேட்டில் இருக்கிற பெயர் எங்களுக்கு வாயில் நுழையாது. 'பதினோராம் நம்பர் சேட்டுக்கு வெந்நி' என்றால் வேலை முடிந்தது. மரியாதைக் குறைவாகச் சொல்வதில்லை. பார்த்தால் 'வாங்க சேட்டு' என்றுதான் கூப்பிடுவோம். அன்போடுதான் அவர்கள் எல்லாரையும் ஒரே ஆளாக ஆக்கி வைத்திருக்கிறோம். அந்த அன்பு எனக்குக் கை வந்த கலை. அதைத்தான் ஒரு கண்டத்துக்கே செய்து வைத்தேன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாய். இவ்வளவு சுருக்கமாக எழுத எனக்கு வராது.

உனக்கு அந்த மலைக்காரம்மாவை ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தாய். லீவு நாளில் வரவேற்பறையில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுப்பாய். வடக்கே ஏதோ மலையிலிருந்து வந்த கூட்டத்தில் ஒரு அம்மா. மகனுக்குத் திதி கொடுக்க வந்தவள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் கோயிலுக்குப் போய்விட, அவள் மட்டும் நடைபாதையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, யாரிடம் என்றில்லாமல் பேச ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்த லாட்ஜ் இந்தியில் கேட்டுப் பார்த்தேன். அவளுக்கு இந்தியும் தெரியவில்லை. "என்னய்யா சொல்றாங்க?" என்று நீ கேட்டாய். நான் முகத்தை வைத்துக்கொண்டு, "குழாயில தண்ணி வரலையாம், லாட்ஜ்காரன் மூஞ்சியும் சரியில்லையாம்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அவள் பேசப் பேச நான் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன், நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். அவள் உன் சிரிப்பைப் பார்த்துத் தானும் லேசாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு நீ சிரிக்கவில்லை.

உன் அம்மா உள்ளேயிருந்து காபியோடு வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் அவள் பாஷையில் பேசினாள். உன் அம்மா தமிழில் பேசினாள். காபி ஆடை கட்டுகிற வரை, அப்புறமும், இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்த அம்மா போன பிறகு, "என்ன சொல்லுச்சு அந்தம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்?" என்றாள். "பின்ன இம்புட்டு நேரம் என்ன பேசுன?" "அந்தம்மா அது மகனப் பத்தி பேசுச்சு. நான் என் அண்ணனப் பத்தி பேசுனேன். உங்களுக்கு என்ன அதுல?" இதை வைத்தும் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஏனோ எழுதவில்லை. இந்தச் சண்டைக்காகக் காத்திருந்தது போல.

நீ வைத்துவிட்ட பிறகு மூலப் பிரதியைத் தேடி எடுத்து, ஐந்தாம் பகுதியை அந்த அம்மாவின் சொந்தக் குரலோடு போட்டேன். சேசுவையும் உன் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இது இனிப்பான செய்தி இல்லை. ரயிலுக்குக் காத்திருந்த இரண்டு சேட்டு - பார், மறுபடி சொல்கிறேன் - நாக்பூர்க்காரர்கள் இரண்டு பேர் கொஞ்சம் பார்த்துவிட்டு, கிரிக்கெட் போடச் சொன்னார்கள். சேசு கொஞ்ச நேரம் பார்த்தான். "என்னண்ணே சொல்லுது?"

"தெரியலடா."

"எழுதுன ஒனக்கே தெரியலையா?"

"நான் எழுதல."

அவன் சிரிக்கவில்லை. அந்த அம்மா அலையைப் பார்த்துப் பேசி முடிப்பதற்குள் எழுந்து வெளியே போய், கேட்டுக்குப் பக்கத்தில் தெருவைப் பார்த்து நின்றான். பிறகு சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். மறுநாளும் வரவில்லை. புரியாமல் சலித்துப் போனானா, தம்பியை நினைத்துப் போனானா? எனக்குத் தெரியவில்லை. தம்பிதான் காரணம் என்று எழுதினால் இந்தக் கடிதம் அழகாக முடியும். கை பரபரக்கிறது. ஆனால் அதுவும் காலி இடத்தை நிரப்புகிற வேலைதான். உன் அம்மா கடைசி வரை பார்த்தாள். டிவியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அன்றிலிருந்துதான் என்னோடு பேசுவதில்லை.

ஆகவே மாற்றி எழுதிவிட்டேன். படகுக்காரர்கள் நம் கடற்கரைத் தமிழே பேசுகிறார்கள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு இல்லை, அவர்கள் சுவாஹிலியை எப்படியாவது ஒரு தமிழாக்கத்தான் வேண்டும், உனக்கு ஆட்சேபணை இருந்தால் சொல். மாமியாருக்கு நான் எழுதிய அத்தனையையும் எடுத்தாயிற்று. அந்த இடங்களில் எல்லாம், எனக்கு வந்தது போலவே, 'அவள் தன் மொழியில் பேசுகிறாள்' என்று போட்டு, அவள் குரலை அப்படியே விட வேண்டும் என்று குறித்திருக்கிறேன். லாகோஸையும் செனகலையும் எத்தியோப்பியாவையும் என்னால் முடியாது என்று உன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அந்தந்த ஊரில் எத்தனை விதமாகப் பேசுகிறார்கள் என்று அங்கேயே யாரையாவது கேட்டுவிட்டு, அதற்குத் தகுந்த ஆட்களை இங்கே தேடுங்கள் என்றேன். "பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றார். அந்தக் குரலும் உன் அம்மாவின் 'சரி'க்கு ஒன்றுவிட்ட தங்கைதான்.

எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று நினைக்காதே. உன் வேலை போய்விடுமோ என்று நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். கம்பெனி என் பழைய பிரதியையே வெளியிட்டுவிடலாம். அது அவர்கள் கையில் இருக்கிறது, ஜனங்களுக்கும் பிடித்திருக்கிறது. புதியதை வெளியிட்டால், நாக்பூர்க்காரர்கள் மாதிரி எல்லாரும் கிரிக்கெட்டுக்குத் தாவிவிடலாம். அப்புறம் நீமாவின் அடுத்த தொடரை இங்கே யார் வாங்குவார்கள்? ஒரு மொழியைக் காப்பாற்றுகிறேன் என்று அதை யாரும் திறக்காத பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேனா? காட்டிலிருந்து தீவுக்கு, தீவிலிருந்து தலைநகருக்கு, அங்கிருந்து உலகத்துக்கு என்று அந்த மாமியாரும் நீமாவும் மாதிரி ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வரணும்னா உன் பேச்சைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு வா என்கிறான். கடைசி வாசலில் லாட்ஜ்காரன் நான் உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்துவிட்டால் வாசல் திறக்குமா, அடைத்துக்கொள்ளுமா? அதற்கு எனக்குப் பதில் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி அங்கே போய்ப் பேசாதே.

இன்னும் ஒன்று. புதன்கிழமை போகும்போது பழைய பிரதியையும் எடுத்துப் போ. அதை நீமாவிடம் போட்டுக் காட்டு. மாமியார் தமிழில் என்ன சொல்கிறாள் என்று வரிக்கு வரி சொல். அந்தத் தொடரில் வருகிற பெண் மாதிரி நடுவில் நின்றுகொண்டு, எங்கய்யா உங்களை நலமா என்று கேட்கிறார் என்று சுருக்கிச் சொல்லிவிடாதே. நான் என்ன பேசினேனோ அதையே சொல். நீமாவின் முகம் எப்படிப் போகிறதோ அதைப் பார்த்துக்கொண்டு நீ பக்கத்தில் உட்கார்ந்திரு. கஷ்டம்தான். அதற்குப் பிறகு புதியதைப் போடு.

அந்த அம்மா அலையைப் பார்த்து என்ன சொன்னாள் என்று நீமாவுக்குத் தெரிந்திருக்கும். அந்த அம்மாவே அங்கன இருந்தாலும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள். எனக்கு மட்டும் சொல்லாதே, தாயி. சொன்னால் எழுதிவிடுவேன்.